எந்தப் பிரிவுக்கும் வேண்டாத கடிதம்

மெல்பர்னில் இருந்த அந்தப் பல்கலைக்கழக ஆஸ்பத்திரியின் மருத்துவத் துறைக்குப் பத்துப் பிரிவுகள். இதயத்துக்கு ஒன்று, நுரையீரலுக்கு ஒன்று, அப்புறம் சிறுநீரகம், நரம்பு, மூட்டு, சர்க்கரை, வயிறும் ஈரலும், ரத்தம், தொற்றுநோய் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு தலைவர், ஒரு மாடி, ஒரு கௌரவம். பத்தாவது, பொது மருத்துவம். அதற்கு மாடி கிடையாது. கொதிகலன் அறைக்குப் பக்கத்தில், நிலவறையில் இரண்டு அறை.

இந்தப் பத்துக்கும் வாசற்படி கிளெனிஸ் பாஸ்கோ. ஊர் டாக்டர்கள் எழுதும் கடிதங்கள் முதலில் அவள் மேசைக்குத்தான் வரும். படித்துப் பார்த்து, இது இதயம், இது நரம்பு என்று பிரித்து, பச்சை அட்டைப் பதிவேட்டில் எழுதி உறைக்குள் போட்டு அனுப்புவாள். இருபது வருடப் பழக்கம். புதிதாக வரும் இளம் டாக்டர்கள் அவளிடம் வந்து, "இது யார்கிட்ட போகும் கிளெனிஸ்?" என்று கேட்டுவிட்டுப் போவார்கள். அதில் அவளுக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு.

உறைகளைத் தள்ளுவண்டியில் வைத்து மாடி மாடியாகக் கொண்டு போனவன் நெவில் ராட்ஃபோர்ட். ஐம்பத்தைந்து வயதுக்காரன், மனைவியை இழந்தவன், ஃபுட்ஸ்கிரே கால்பந்து அணிக்காக வாழ்ந்தவன். அந்த அணி தோற்காத வாரம் அபூர்வம். மதியம் இருவரும் பின்வாசல் பெஞ்சில் உட்கார்ந்து சாப்பிடுவார்கள்.

"மகாராணி இன்னிக்கு எத்தனை பேருக்குத் தலையெழுத்து எழுதினீங்க?" என்பான் அவன்.

"உன் டீமுக்கு எழுத ஆள் இல்லாம போச்சே, அதை நெனச்சு அழு" என்பாள் அவள்.

தொண்ணூற்று ஒன்றாம் வருடம் பிப்ரவரியில் கொரம்பரா ஊர் டாக்டரிடமிருந்து இரண்டு பக்கக் கடிதம் ஒன்று வந்தது. கீத் ட்ரெஸைஸ், ஐம்பத்திரண்டு வயது, பால்பண்ணைக்காரர். விரல் முட்டிகளில் வலி, பால் கறக்கும் கருவியைக்கூடப் பிடிக்க முடியவில்லை. புதிதாகச் சர்க்கரை. ஈரல் வீங்கியிருக்கிறது. மேடேறினால் மூச்சு வாங்குகிறது. வெயிலில் நிற்காத இடத்திலும் தோல் கறுத்து வருகிறது. என்னவென்று எனக்குப் பிடிபடவில்லை, தயவுசெய்து பாருங்கள் என்று முடித்திருந்தார்.

முதல் வரியில் விரல் வலி இருந்ததால் கிளெனிஸ் மூட்டுப் பிரிவுக்கு அனுப்பினாள். பத்து நாளில் திரும்பி வந்தது: 'மூட்டு பெரிய விஷயமில்லை, சர்க்கரைப் பிரிவு பார்க்கட்டும்.' அவர்களிடமிருந்து: 'மாத்திரைக்கே சர்க்கரை கட்டுப்படும். ஈரலைப் பார்ப்பவர்களுக்கு அனுப்பவும்.' அவர்களிடமிருந்து: 'நோயாளி பீர் குடிப்பவர், நிறுத்தச் சொல்லவும். மூச்சு வாங்குவதை இதயப் பிரிவு பார்க்க வேண்டும்.' இதயப் பிரிவிலிருந்து ஒரே வரி: 'முதலில் பொது மருத்துவம்.' கடிதத்தின் மேல் நான்கு முத்திரைகள். அந்த மனிதரை ஒருவரும் கண்ணால் பார்க்கவில்லை.

அது ஈஸ்டருக்கு முந்தைய வியாழக்கிழமை. நிலவறைக்கு அனுப்புவதுதான் பாக்கி. ஆனால் போன வாரம்தான் பொது மருத்துவத் தலைவர் கார்மடி அவளைப் பத்துப் பேருக்கு முன்னால் பிடித்துக் கத்தியிருந்தார்.

"எவனுக்கும் வேண்டாததெல்லாம் எங்க தலையிலயா? நாங்க என்ன குப்பைத் தொட்டியா? ஒரு கடுதாசியைப் படிச்சுப் பிரிக்கத் தெரியலைன்னா எதுக்கு அந்த நாற்காலி?"

அந்த வார்த்தை அவளுக்கு முள்ளாய்த் தைத்திருந்தது. லீவு முடிந்து அவர் கோபம் தணிந்ததும் கொடுக்கலாம் என்று கடிதத்தை மேசை டிராயருக்குள் போட்டாள். லீவு முடிந்தது. மேலே வேறு காகிதங்கள் விழுந்தன. கடிதம் அடியில் போனது.

மே மாதம் ஒரு பெண் போன் செய்தாள். "நான் ஊனா ட்ரெஸைஸ், கொரம்பராவிலிருந்து. எங்க வீட்டுக்காரருக்கு ஒரு தேதி வரணும். தொந்தரவு பண்றேன்னு நெனைக்காதீங்க."

"வரிசையில இருக்கும்மா. கொஞ்சம் பொறுத்துக்குங்க" என்றாள் கிளெனிஸ். யார் கேட்டாலும் வாயில் வரும் பதில் அது. அன்றைக்கு அதைப் பொய் என்று அவள் நினைக்கவில்லை.

ஜூலையில் அதே பெண் மறுபடி கூப்பிட்டாள். கணவரால் செருப்பு மாட்டக் குனிய முடியவில்லை என்றாள். "வரிசையில இருக்கு" என்று சொல்லிப் போனை வைத்த பிறகுதான் அந்தப் பெயர் மனதில் உறுத்தியது. டிராயரை இழுத்துக் கிளறினாள். நான்கு முத்திரையோடு கடிதம் கிடந்தது.

அப்போதே எழுந்து படியிறங்கி கார்மடி கையில் கொடுத்திருக்கலாம். மூன்றரை மாதம் எங்கே இருந்தது என்று அவர் கேட்பார். பத்துப் பேர் முன்னால் கேட்பார். நாளைக்கு ஏதாவது ஒரு வழி பண்ணலாம் என்று கடிதத்தைத் திரும்ப உள்ளேயே வைத்து டிராயரை மூடினாள். பிற்பாடு எத்தனையோ முறை அவள் தன்னையே கேட்டுக்கொண்டது இந்த ஒரு நிமிடத்தைப் பற்றித்தான். மறந்தது மனித இயல்பு. மூடியது?

நாளை என்பது வாரமானது, வாரம் மாதமானது. ஆகஸ்டில் ஊனா மூன்றாவது முறை கூப்பிட்டாள். அன்றும் அதே பதில்தான்.

செப்டம்பரில் கீத் ட்ரெஸைஸை ஆம்புலன்ஸில் கொண்டு வந்தார்கள். அன்று அவசரப் பிரிவில் முறை கார்மடியுடையது. அவர் அந்தக் கையைப் பிடித்துத் தோலின் நிறத்தைப் பார்த்தார், விரல் முட்டியைப் பார்த்தார், பத்தே நிமிடத்தில் சொல்லிவிட்டார். உடம்பில் இரும்பு சேர்ந்து சேர்ந்து மூட்டு, ஈரல், இதயம் என்று எல்லாவற்றிலும் படிகிற நோய், பரம்பரையாக வருவது. வாரம் ஒரு முறை ரத்தம் எடுத்து வந்தாலே உடம்பு தேறும். ஆனால் காலம் கடந்திருந்தது. இதயம் தாங்கவில்லை. ஒன்பதாம் நாள் இறந்துபோனார். மார்ச்சிலேயே பார்த்திருந்தால் பிழைத்திருப்பாரா என்று யாரோ கேட்டதற்கு, "பிழைச்சிருக்கலாம். சத்தியம் பண்ண முடியாது" என்று கார்மடி சொன்னதாக வராந்தாவில் பேச்சு.

ஊனா புகார் எழுதினாள். விசாரணை என்று அறிவிப்பு வந்த அன்று கிளெனிஸ் பதிவேட்டைப் புரட்டினாள். ஏப்ரல் முதல் வாரப் பக்கத்தின் அடியில் ஒரு வரி காலியாக இருந்தது. பேனாவை எடுத்தாள். 'ஏப்ரல் 3. ட்ரெஸைஸ். பொது மருத்துவம். நெவில் மூலம்.' எழுதி முடிக்க அரை நிமிடம் ஆகவில்லை. கடிதத்தைக் கைப்பையில் வைத்து வீட்டுக்கு எடுத்துப் போனாள். கிழிக்கக் கை வரவில்லை. தையல் மெஷினின் மூடிக்குள் வைத்துவிட்டாள்.

பத்துப் பிரிவின் தலைவர்களும் ஒரு நீண்ட மேசையைச் சுற்றி உட்கார்ந்து விசாரித்தார்கள். நான்கு பிரிவுகளுக்கும் போய்த் திரும்பியது பதிவேட்டில் தேதியோடு சரியாக இருந்தது. எங்களுக்கு வரவே இல்லை என்று கார்மடி அடித்துச் சொன்னார். அப்படியானால் வழியில்தான் தொலைந்திருக்க வேண்டும் என்று நெவிலைக் கூப்பிட்டார்கள்.

"ஒரு நாளைக்கு இருநூறு கவர் கொண்டு போறேன். இது ஞாபகம் இல்லீங்க" என்றான் அவன். "ஆனா கிளெனிஸ் எழுதியிருந்தா அது சரியாத்தான் இருக்கும். அவ தப்பா எழுத மாட்டா. என் கையிலதான் எங்கயோ விழுந்திருக்கணும்."

சுவரோரம் நாற்காலியில் குறிப்பெடுத்துக்கொண்டிருந்த கிளெனிஸ் அந்த வாக்கியத்தையும் குறித்துக்கொண்டாள். நிமிரவில்லை. நெவிலை வேலையை விட்டு எடுக்கவில்லை. துணி வெளுக்கும் பிரிவுக்கு மாற்றினார்கள். அது வளாகத்தின் மறுகோடி. பின்வாசல் பெஞ்சுக்கு அங்கிருந்து வர அரை மணி நேர இடைவேளை போதாது. கிளெனிஸ் மேசையிலேயே சாப்பிடப் பழகிக்கொண்டாள். பாதி சாண்ட்விச் தினமும் குப்பைக்குப் போனது.

நான்கு வருடம் கழித்து நெவில் ஓய்வு பெற்றான். துணிப் பிரிவில் தேநீரும் தேங்காய்த்தூள் தூவிய கேக்கும் வைத்து வழியனுப்பினார்கள். கிளெனிஸும் போனாள். நெவில் இளைத்திருந்தான். அவளைக் கண்டதும் முகம் மலர்ந்து ஓரமாக அழைத்துப் போனான்.

"உன்கிட்ட மட்டும் ஒண்ணு சொல்லணும் கிளெனிஸ். அந்தப் பண்ணைக்காரர் விஷயம் என்னை விடவே இல்ல. எந்த லிஃப்ட்ல விட்டேன், எந்த வண்டிக்கு அடியில போச்சுன்னு தேடித் தேடிப் பைத்தியம் பிடிக்காத குறை. ஆட்டம் பார்க்கப் போறதைக்கூட விட்டுட்டேன்னா பாரேன். போன வருஷம் தாங்க முடியாம அந்தம்மாவுக்கே ஒரு லெட்டர் எழுதிட்டேன். நான்தான்மா தொலைச்சவன், மன்னிச்சுக்குங்கன்னு."

சட்டைப் பையிலிருந்து நாலாய் மடித்த ஒரு தாளை எடுத்துக் கொடுத்தான். குண்டு குண்டான கையெழுத்து. 'அன்புள்ள ராட்ஃபோர்ட், தவறை ஒப்புக்கொண்டு அந்த ஆஸ்பத்திரியிலிருந்து எழுதியவர் நீங்கள் ஒருவர்தான். உங்களை நான் மன்னித்துவிட்டேன். இனி நிம்மதியாகத் தூங்குங்கள். ஊனா ட்ரெஸைஸ்.'

"எப்பேர்ப்பட்ட மனுஷி பாரு!" என்றான் நெவில். அவன் கண் கலங்கியிருந்தது.

கிளெனிஸ் கேக் தட்டைக் கீழே வைத்தாள். தன்னால் அவனுக்கு வேலை இடம் மாறியது, அவ்வளவுதான் என்று நான்கு வருடம் தன்னைத் தேற்றி வந்தவள் அவள். ஒரு சாவையே அவன் சுமந்துகொண்டிருந்தான் என்பது அன்றுதான் தெரிந்தது.

அந்தச் சனிக்கிழமை காலை யாராவில் என்ற புறநகரில் இருந்த அவன் வீட்டுக்குப் போனாள். தக்காளிச் செடிக்குக் குச்சி நட்டுக்கொண்டிருந்தான். "வா வா, டீ போடட்டுமா?" என்றவனிடம் தையல் மெஷினுக்குள்ளிருந்து எடுத்து வந்த கடிதத்தை நீட்டினாள். அவன் கையைத் துடைத்துக்கொண்டு வாங்கிப் பார்த்தான். பெயரைப் படித்தான். முத்திரைகளைப் பார்த்தான்.

"இது எங்க கிடைச்சுது?"

"எங்கயும் தொலையல நெவில். என் டிராயர்லதான் இருந்துது. பதிவேட்டுல அந்த வரியை நான் அப்புறமா எழுதினேன்."

அவனுக்குப் புரிய நேரமாயிற்று. பிறகு தோட்டத்துப் படியில் உட்கார்ந்துவிட்டான்.

"நாலு வருஷம்" என்றான். "நான் கொன்னேன்னு நெனச்சேன் கிளெனிஸ். தினம் நெனச்சேன். ஒரே ஆஸ்பத்திரியிலதானே இருந்தோம், ஒரு நாளாவது வாய் வரலையா உனக்கு?"

"பயந்துட்டேன்."

"எனக்கு மட்டும் பயமில்லையா? நான் அந்தம்மாவுக்கு எழுதலையா? செய்யாத தப்புக்கு எழுதினேனே!" கடிதத்தை அவள் கையிலேயே திணித்தான். "அவங்க குடுத்த மன்னிப்பு யாருக்குச் சேர வேண்டியது, சொல்லு? போ. தயவுசெஞ்சு போயிடு. இல்ல, நில்லு. நேரா அந்தம்மாகிட்ட போய்ச் சொல்லு. சொல்லிட்டு அப்புறம் எங்க வேணா போ."

கொரம்பராவுக்கு அப்போது ரயில் நின்றுபோய் பஸ்தான் ஓடியது. திங்களன்று ஆஸ்பத்திரிக்கு லீவு சொல்லிவிட்டு ஏறினாள். வழியெல்லாம் பச்சை மேடுகள், மாடுகள். ஊனா ட்ரெஸைஸ் ரப்பர் பூட்ஸோடு கொட்டகையிலிருந்து வெளியே வந்தாள். கிளெனிஸ் பேசத் தொடங்கியதும், இரண்டாவது வாக்கியத்திலேயே அவள் கையைத் தூக்கி நிறுத்தினாள்.

"போன்ல பேசினது நீங்கதானே?"

"நான்தான்."

"குரல் மறக்குமா? மூணு தடவை." சமையலறை நாற்காலியைக் காட்டினாள். "உட்காருங்க. முழுசாச் சொல்லுங்க."

கிளெனிஸ் ஒன்று விடாமல் சொன்னாள். ஜூலையில் டிராயரை மூடியதையும் சொன்னாள். முடிந்ததும் ஊனா ஜன்னல் பக்கம் பார்த்தபடி பேசினாள்.

"எங்க டாக்டர் ஜூன்லயே சொன்னார், வேற ஆஸ்பத்திரிக்கு எழுதறேன்னு. நான்தான் வேண்டாம்னேன். அந்தப் பொம்பளை எவ்வளவு தன்மையாப் பேசறாங்க, வரிசையில இருக்குன்னு சொல்றாங்க, இப்ப மாத்தினா மறுபடி கடைசியில போய் நிக்கணும்னேன். கீத்கிட்டயும் அதையேதான் சொன்னேன். அவர் என் பேச்சைத் தட்ட மாட்டார்."

கிளெனிஸ் தலையைக் கவிழ்த்துக்கொண்டாள். மன்னித்துவிடுங்கள் என்று கேட்கத்தான் அவ்வளவு தூரம் வந்திருந்தாள். அந்தச் சொல் வாயில் வரவில்லை.

"பசங்க ரெண்டு பேருக்கும் அதே நோய்தான்" என்றாள் ஊனா. "உங்க டாக்டர் கார்மடிதான் பார்க்கறார். ரத்தம் எடுத்துக்கிட்டு நல்லாத்தான் இருக்காங்க. அதனால உங்க ஆஸ்பத்திரி மேல எனக்கு இப்ப கோவம் இல்ல. உங்க மேல இருக்கு. அதுக்கு நான் ஒண்ணும் பண்ண முடியாது. ஆனா அந்த நெவில்னு ஒரு மனுஷன் எனக்கு எழுதினாரே, அவர் பேரைச் சுத்தம் பண்ணிக் குடுங்க. அதுவரைக்கும் என்கிட்ட வராதீங்க."

மறுநாள் கிளெனிஸ் எல்லாவற்றையும் எழுதி, மூலக் கடிதத்தையும் இணைத்துத் துறைத் தலைவர் லாங்மூரிடம் கொடுத்தாள். அவர் படித்துவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

"முடிஞ்சுபோன விஷயம் கிளெனிஸ். அந்த ஆளும் ரிட்டயர் ஆயாச்சு. இதை ஏன் திரும்பக் கிளறணும்?"

"அவர் பேர் அந்த ஃபைல்ல இருக்கு சார். எடுத்துட்டு என் பேரைப் போடுங்க. நீங்க செய்யலைன்னா இதோட நகல் ட்ரெஸைஸ் அம்மாவுக்குப் போகும்."

ஃபைல் திறக்கப்பட்டது. இந்த முறை நான்கு முத்திரைகளைப் பற்றியும் கேள்வி வந்தது. எந்தப் பிரிவு திருப்பி அனுப்பினாலும் அன்றைக்கே ஒரு டாக்டர் நோயாளியைப் பார்த்துத்தான் ஆக வேண்டும் என்று விதி போட்டார்கள்; அந்தப் பொறுப்பைக் கார்மடி கேட்டு வாங்கிக்கொண்டார். கிளெனிஸின் வேலை போனது. நெவிலுக்கு வருத்தம் தெரிவித்து ஆஸ்பத்திரி கடிதம் அனுப்பியது. கிளெனிஸும் ஊனாவுக்கு ஒரு வரி எழுதிப் போட்டாள். பதில் வரவில்லை. அவள் எதிர்பார்க்கவும் இல்லை.

நெவிலை அதற்குப் பிறகு ஒரே ஒரு முறை பார்த்தாள். ஆட்ட நாளன்று ஃபுட்ஸ்கிரே ஸ்டேஷனில், கழுத்தில் அணியின் துண்டோடு நின்றிருந்தான். அவளைக் கண்டுகொண்டான். லேசாகத் தலையசைத்தான். ரயில் வந்ததும் அடுத்த பெட்டியில் ஏறிக்கொண்டான்.