துரை வீட்டுச் சுடாத துப்பாக்கிகள்

சுடாத துப்பாக்கிக்கு எண்ணெய் போட்டே குடும்பத்தைக் காப்பாத்தினவன்னு உலகத்துல ஒருத்தன் இருந்தா, அது நானாத்தான் இருக்கும். முதலாளிக்குப் பிடிச்ச பைத்தியத்துக்கு நாம மருந்து குடிச்ச கதை உங்ககிட்டயும் ஒண்ணாவது இருக்குமே! இருந்தா இதைப் படிச்சு மனசைத் தேத்திக்குங்க.

பழசுன்னா உயிர்

மலாயாவுல அவசரகாலம்; வெள்ளைக்காரனை எதிர்த்துக் காட்டுக்குள்ள இருந்து கம்யூனிஸ்டுங்க சண்டை போட்டாங்க, அவங்களைக் காட்டுக்காரங்கன்னு சொல்லுவோம். சிம்பாங் அம்பாட் பக்கத்துல ஒரு ரப்பர்த் தோட்டம். ஊரே துப்பாக்கின்னா நடுங்கிக்கிட்டிருந்த நேரத்துல எங்க வெள்ளைக்காரத் துரை துப்பாக்கி சேகரிச்சுக்கிட்டிருந்தாரு. ரெண்டு உலகச் சண்டைக்கும் நடுவுல செஞ்ச பட்டாளத்துத் துப்பாக்கிங்கதான் வேணும் அவருக்கு. ஒவ்வொரு தடவை சுட்டதும் பின்னால இருக்கிற இரும்பை இழுத்துத் தள்ளணும், அந்த ரகம். அந்த இரும்புக்குப் பேரு போல்ட். செக் நாட்டுது, போலந்து நாட்டுது, ஜப்பான்காரனுதுன்னு பங்களா ஹால் சுவர் முழுக்கத் தொங்கும். ஆபீஸ்ல பியூனா இருந்த என்னைக் கூப்பிட்டு, "மணியம், உன் கை சுத்தம். இனிமே நீதான் இதுக்கெல்லாம் ஆயா"ன்னுட்டாரு. நியாலாஸ்ல இருந்தும் தஞ்சோங் கிளிங்ல இருந்தும் மத்தத் தோட்டத்துத் துரைமாருங்க வந்தா, கையில கிளாஸோட நின்னு ஒவ்வொண்ணுக்கும் சரித்திரம் சொல்லுவாரு.

பழசுன்னா அவருக்கு உயிர். நாங்க வரிசையாக் குடியிருந்த லயத்துக் கூரையும் அதே வயசுதான், மழை பேஞ்சா வீட்டுக்குள்ள குடை பிடிக்கணும். தகரம் மாத்தித் தரச்சொல்லி, எங்களை வேலை வாங்குற மண்டோர் சின்னசாமி போய்க் கேட்டாரு. "இன்னும் கொஞ்ச நாள் ஓடும்"னு துரை தமிழ்லயே சொல்லி அனுப்பிட்டாரு. திரும்பி வர்ற வழியில மண்டோர் என்னை நிறுத்திக் கேட்டாரு: "ஏன்டா மணியம், நம்ம கூரைக்கும் ஒரு போல்ட்டு வெச்சு விட்டா துரை எண்ணெய் போடுவாரா?"

ஆளுக்கொரு பாதி

சுவத்துல இத்தனை துப்பாக்கி தொங்குதேன்னு போலீஸ் பங்களாவுக்கே வந்து நின்னுச்சு. காட்டுக்காரன் வந்து அள்ளிக்கிட்டுப் போனா? துரை விடுவாரா, மேலிடம் வரைக்கும் போய்ப் பேசினாரு. கடைசியில ஒரு ஏற்பாடு பண்ணினாங்க. துப்பாக்கி பங்களாவுல இருக்கலாம், ஆனா போல்ட் எல்லாம் டவுன் போலீஸ் ஸ்டேஷன் அலமாரியில பூட்டி இருக்கணும். மாசம் ஒரு நாள் காலையில நான் வாங்கிட்டு வந்து எண்ணெய் போட்டு, பொழுது சாயறதுக்குள்ள திருப்பிக் கொடுக்கணும்.

கொடுத்தது யாரு? மலாய்க்கார சார்ஜன். எங்க தோட்டத்துக்குப் பக்கத்து மலாய்க் கிராமம், அந்தக் கம்போங்குலயே வளர்ந்தவரு, நம்மளைவிட நல்லாத் தமிழ் பேசுவாரு. போல்ட் தொலைஞ்சா சட்டப்படி துரை பொறுப்பா, நான் பொறுப்பான்னு கேட்டு வெச்சேன். அந்தக் காலத்துல கேள்வி முறை கிடையாது, பிடிச்சு உள்ள தள்ளினா தள்ளினதுதான். வீட்டுல பொண்டாட்டியும் பிள்ளைங்களும் இருக்கிறப்போ எனக்கு வேற என்ன பயம் வேணும்? சார்ஜன் மீசையைத் தடவிக்கிட்டே சொன்னாரு: "துரை மேல எவன் கை வைப்பான்? ஒரு போல்ட் வரலைன்னா நீதான் மாசோக் லா, உள்ள போயிருவே!"

சோறும் இரும்பும்

காட்டுக்காரங்களுக்குச் சாப்பாடு போயிரக்கூடாதுன்னு தோட்டத்து வேலியைத் தாண்டி ஒரு பிடி சோறு கொண்டு போக விடமாட்டாங்க. ஒரு நாள் எண்ணெய் போட்டு முடிச்சு, போல்ட் எல்லாத்தையும் துணியில சுத்திச் சாக்குப் பையில வெச்சுக்கிட்டு ஸ்டேஷனுக்குக் கிளம்பினேன். பஸ்ஸு எப்ப வரும்னு யாருக்குத் தெரியும்? பசிக்குமேன்னு என் பொண்டாட்டி ஒரு தூக்குல கொஞ்சம் தயிர் சோறு போட்டு, மோருமிளகாயும் வெச்சுக் கொடுத்திருந்தா.

வாசல்ல காவல் முத்து. தோட்டக் காவலுக்கு அரசாங்கம் சேர்த்த ஸ்பெஷல் கான்ஸ்டபிள் ஆளுங்களை எஸ்.சி.ன்னு சொல்லுவோம், முத்துவும் ஒரு எஸ்.சி. என் கல்யாணத்துல பந்தி பரிமாறினவன்தான். சாக்கைத் திறந்து பார்த்தான், மூடினான். தூக்கைத் திறந்தான், முகம் மாறிப்போச்சு. "டேய், பத்து துப்பாக்கிக்கு உயிர் கொடுக்கிற சாமான் அந்தச் சாக்குல இருக்குடா, அதை விட்டுட்டு மோருமிளகாயைப் பார்த்து முறைக்கிறியே!"ன்னேன். என் சோத்தை மண்ணுல கொட்டிட்டு, ரொம்ப மரியாதையாத்தான் சொன்னான்: "இரும்புக்கு பாஸ் இருக்குண்ணே, தாராளமா எடுத்துக்கிட்டுப் போங்க. சோத்தைத்தான் விட முடியாது."

கண்ணம்மா துடைக்காத ஒண்ணு

பங்களாவுல கூட்டித் துடைக்கிறது கண்ணம்மா அக்கா. சுவத்துல எல்லாத்தையும் தூசி தட்டுவாங்க, அந்த ஜப்பான் துப்பாக்கியை மட்டும் தொடவே மாட்டாங்க. அதுல நூலாம்படை கட்டித் தொங்கும். சண்டைக் காலத்துல அவங்க வீட்டுக்காரரை சயாமுக்கு ரயில் ரோடு போடுறதுக்குப் பிடிச்சிக்கிட்டுப் போனது அந்த ஜப்பான் பட்டாளம்தான், ஆளு திரும்பி வரவே இல்ல. இது எனக்குத் தெரியும், தோட்டத்துக்கே தெரியும், துரைக்கு மட்டும் தெரியாது.

ஒரு நாள் விருந்தாளிங்க முன்னாடி நூலாம்படையைப் பார்த்துட்டுத் துரை குதிச்சாரு. "இது கிடைக்கவே கிடைக்காத ஐட்டம், இதோட அருமை உனக்கு எங்க தெரியும்?"னு கத்தினாரு. அக்கா துடைப்பத்தைக் கீழ வெச்சிட்டு நிமிர்ந்து நின்னாங்க: "உங்களுக்கு இது சுவத்துலதான் பழக்கம் துரை. எனக்கு எங்க வாசல்லயே பழக்கம்."

ஆயுத பூஜை

எண்ணெய் போடுற நாளும் ஆயுத பூஜையும் ஒரே நாள்ல வந்து தொலைஞ்சுது. போல்ட் சாக்கோட நான் பஸ்ஸுக்குக் கிளம்புறேன், கோயில் தலைவரும் மண்டோர் சின்னசாமிதானே, வழி மறிச்சிக்கிட்டாரு. "எல்லாரும் தொழில் செய்யற சாமானை சாமி முன்னாடி வெச்சாச்சு, நீ மட்டும் பெரிய ஆளா?" சரி, தீபாராதனை ஆனதும் எடுத்துக்கலாம்னு வெச்சேன். பால்வெட்டுக் கத்தி, வாளி, லோரி டிரைவர் ஸ்பேனர், கணக்கெழுதுற கிராணியோட பேனா, அதுங்க நடுவுல என் போல்ட்டுங்க. பூசை பண்ற பண்டாரம் எல்லாத்துக்கும் சந்தனத்தை வாரிப் பூசினாரு. ஆராத்தி முடிஞ்சு கையை நீட்டினா, மண்டோர் மணிக்கட்டைப் பிடிச்சிட்டாரு. "நாளைக்கு மறுபூஜை ஆகாம எடுத்தா தோட்டத்துக்கே ஆகாது!"

ஐயோ, எனக்கு அங்கயே பாதி உயிர் போயிருச்சு. அப்பதான் பின்வரிசையைப் பார்க்கிறேன்: எஸ்.சி. ஆளுங்களோட அத்தனை துப்பாக்கியும் மாலை போட்டுக்கிட்டு நிக்குது! வாசல்ல முத்து மூங்கில் கம்போட காவல்.

பொழுது சாய சார்ஜன் ஜீப்ல வந்தாரு. சப்பாத்தோட கோயிலுக்குள்ள வரமாட்டாரு, வெளியில நின்னபடியே எட்டிப் பார்த்தாரு. மண்டோர் கும்பிட்டு, காலையில தந்துடறோம்னாரு. சாமி காரியத்துல கை வெச்சா தோட்டமே திரண்டுரும்னு சார்ஜனுக்குத் தெரியும். தன் ஆளுங்களைக் கோயில் வாசல்ல காவலுக்கு உட்கார வெச்சாரு. "மணியம், காலையில ஆபீசர் வருவாரு. துணிமணி எடுத்து வெச்சுக்க"ன்னாரு. பங்களாவுல துரை, சுவர் நிறையத் துப்பாக்கி இருந்தும் சுட ஒண்ணு இல்லாம, கதவுக்கு முட்டுக் கொடுத்துட்டுக் கிடந்தாராம்.

விடிஞ்சுது, ஒண்ணும் நடக்கல. "காட்டுக்காரங்களும் பூஜையில வெச்சிட்டாங்க போல"ன்னு கண்ணம்மா அக்கா சிரிச்சாங்க. எனக்குச் சிரிப்பு வரல, வீட்டுல அழுகைச் சத்தம்.

மறுபூஜை முடிஞ்சு எஸ்.சி. ஆளுங்க துப்பாக்கியோட வரிசையா நின்னாங்க. மலாக்காவுல இருந்து வெள்ளைக்கார ஆபீசர் வந்து எறங்கினாரு. ஒரு போல்ட்டை எடுத்து மோந்து பார்த்துட்டு, என்ன இதுன்னு கேட்டாரு. உண்மை வெளிய வந்தா நான் மட்டுமா, சுவத்துல இருக்கிறது மொத்தமும் ஜீப்புல ஏறிடும். பக்கத்துல நின்ன துரை தொண்டையைச் செருமிக்கிட்டாரு. துரு பிடிக்காம இருக்க இந்த ஊர்ல பூசுற மருந்து, ஊற வைக்கத்தான் ராத்திரி முழுக்க வெச்சோம், எஸ்.சி. துப்பாக்கிக்கும் நான்தான் பூசச் சொன்னேன்னு இங்கிலீஷ்ல அளந்தாரு பாருங்க! ஆபீசர் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டு, துரைக்குக் கை கொடுத்துட்டுப் போயிட்டாரு.

சாக்கை வாங்கிக்க வந்த சார்ஜன் என் காதோரமாக் குனிஞ்சாரு: "மணியம், ஆபீசர் ஆர்டர் போட்டுட்டாரு. அடுத்த மாசம் ஸ்டேஷன் துப்பாக்கிக்கும் சந்தனம் கொண்டு வா லா!"

என்னை உள்ள போகாம காப்பாத்தின அதே சந்தனம் தன் ஈரத்தாலயே அடுத்த மாசம் ஒரு போல்ட் பாக்கியில்லாம துருப்பிடிக்க வெச்சிருச்சு, அதைத் தேய்ச்சுத் தேய்ச்சே அவசரகாலம் முடியற வரைக்கும் எனக்கு வேலைக்குப் பஞ்சமே வரல.