தேய்மானம் என்ற சொல்

நிமிர்ந்து அமர்ந்து எழுதுவதே எனக்கு இப்போது பெரும்பாடு. எனினும், ஒரு சொல்லைப் பிழையாகப் பொருள்கொண்டு முதுகை முறித்துக்கொண்ட கதை என் வயதினர்க்குத் தெரிய வேண்டும் என்பதால் எழுதுகிறேன்.

என் எலும்புகள் வலுவிழந்துள்ளதைப் பரிசோதித்துக் கண்ட மருத்துவர், "தேய்மானம்" என்றார். பயன்படுத்தப் பயன்படுத்தக் குறைவதே தேய்தல் என்று கருதி, மயிலைத் தெப்பக்குளத்தைச் சுற்றி நடக்கும் வழக்கத்தை விட்டு நாற்காலியில் முடங்கினேன்.

"ஏன்னா, நடந்தா தேயறதுக்கு அதென்ன செருப்பா?" என்றாள் மனைவி. நான் அவளுக்கு வேர்ச்சொல் விளக்கினேன்.

சில திங்கள் கழித்து, வாளியைத் தூக்கக் குனிந்தபோது முதுகில் மளுக்கென்றது. நிமிர இயலவில்லை.

"யார் சார் உங்கள நடக்க வேணாம்னது?" என்று அதே மருத்துவர் கடிந்துகொண்டார். "எலும்பு உள்ளுக்குள்ள பொத்தலாயிடுச்சு. சும்மா உக்காந்தா இன்னும் வீக்காகும். நல்லவேளை, நரம்பு தப்பிச்சுது."

இப்போது மருந்து உண்கிறேன். குனிந்து பளு தூக்குவதில்லை. மருத்துவர் இசைவுடன், மனைவியின் கைபற்றிக் குளத்தைப் பாதியளவு சுற்றுகிறேன். அவள் என் செருப்பைப் பார்த்துச் சிரிக்கிறாள்.

'புரை' என்றால் உள்துளை; எனவே இந்நோயை இனி 'எலும்புப்புரை' என்றே எழுதுவேன். இதிலும் பிழையிருப்பின் அன்பர்கள் திருத்துக. என் சொல்லறிவை நானே நம்புவதாயில்லை.