அந்தப் படத்தில் நிற்பவன் நான் இல்லை

யுத்த காலத்தில் ஒரு குளிர்காலம் முழுக்க லெபனான் நாட்டுப் பனிமலையில் சறுக்கித் திரிந்தேன் என்று சொன்னால் அரியலூரில் யாரும் சந்தேகப்படுவதில்லை. சந்தேகப்பட்டிருக்கலாம். யாராவது ஒருவர் ஒரே ஒரு முறை என் சட்டையைப் பிடித்து உலுக்கி, "நெசத்தைச் சொல்லுடா" என்று கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். பார்த்தால் மரியாதையான ஆளாகத் தெரிவது எனக்கு வினையாகப் போயிற்று.

ஏலாக்குறிச்சிப் பக்கம் எங்களுக்குக் கொஞ்சம் புஞ்சை உண்டு. பள்ளிப் படிப்பு முடிந்து அரியலூரில் வேலை தேடி அலைந்ததில் செருப்புத் தேய்ந்ததுதான் மிச்சம். பட்டாளத்தில் குமாஸ்தா வேலைக்கு ஆள் எடுத்தார்கள். துப்பாக்கி தூக்க வேண்டாம், பேனா பிடித்தால் போதும் என்றார்கள். சேர்ந்துவிட்டேன். கப்பல் கொண்டுபோய் எகிப்தில் இறக்கியது. அங்கிருந்து ரயிலும் லாரியுமாக லெபனான் மலைக்கு அனுப்பினார்கள். சிப்பாய்களுக்குப் பனியில் சறுக்கிச் செல்லப் பழக்கிக் கொடுக்கும் முகாம் அங்கே இருந்தது. கோயில் பிரசங்கத்தில் மட்டும் கேள்விப்பட்டிருந்த கேதுரு மரங்கள் முகாமுக்குப் பின்னால் பனியைச் சுமந்துகொண்டு நின்றன. முதல் நாள் அவற்றைப் பார்த்து நான் சிலுவை போட்டுக்கொண்டேன். குளிரில் பாதி சிலுவைக்கு மேல் கை வரவில்லை.

என் வேலை கிடங்கில். சறுக்குப் பலகை, ஊன்றுகோல், பூட்ஸ், கறுப்புக் கண்ணாடி எல்லாவற்றையும் காலையில் எடுத்துக் கொடுத்து சாயங்காலம் திரும்ப வாங்கி வைக்க வேண்டும். அந்தப் பலகைகளை நான் ஒரே ஒரு முறைதான் காலில் மாட்டினேன். நாலு அடி போவதற்குள் மல்லாக்க விழுந்து, பத்து நாள் நாற்காலியில் ஒருக்களித்து உட்கார்ந்தேன். அதற்குப் பிறகு அந்த ஆசையே எனக்கு வரவில்லை. என் சறுக்கல் வரலாறு முழுவதும் இவ்வளவுதான். இதைத் தயவுசெய்து நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

முகாமில் இந்தியர்கள் கொஞ்சம் பேர். எங்களுக்குச் சமைத்தவர் லப்பைக்குடிக்காட்டுக்காரர். குமாஸ்தாவான என்னை அவர் ரைட்டர் என்பார்; எல்லோருக்கும் அவர் பாய். என் வயதுதான். ஊரில் எனக்கும் அவருக்கும் இடையில் முப்பது மைல் இருந்திருக்கும், ஆனால் பார்த்துக்கொள்ள இத்தனை கடல் தாண்ட வேண்டியிருந்தது. அவர் வைக்கும் மிளகு ரசத்துக்கு முகாம் முழுக்கப் பெயர். ஜலதோஷம் பிடித்த கிரேக்கன் ஒருவன், கோவேறு கழுதை ஓட்டுகிறவன், ஒருநாள் ஒரு குவளை வாங்கிக் குடித்துவிட்டு மூக்கிலும் கண்ணிலும் தண்ணீர் வழிய பாயைக் கட்டிப்பிடித்து முத்தம் கொடுத்தான். மறுநாள் தன் கூட்டாளிகளை அழைத்து வந்தான். சறுக்கக் கற்றுக்கொடுத்த போலந்து சார்ஜன்டும் அந்தக் கூட்டத்தில் வந்து சேர்ந்தவர். அவரும் நானும் ஒரே பூசைக்குப் போவோம். லத்தீனில் சாமியாருக்குப் பதில் சொல்வதைத் தவிர எங்களுக்குள் பொதுவான பாஷை கிடையாது. ஆனாலும் அடுப்பங்கரையில் நாங்கள் நாலு பேரும் மணிக்கணக்கில் பேசுவோம். தன் தாயார் உயிரோடு இருக்கிறாளா இல்லையா என்று சார்ஜன்டுக்குத் தெரியாது என்பதைக் கைஜாடையிலேயே புரிந்துகொண்டோம். அன்றைக்குப் பாய் அவர் தட்டில் இரண்டாவது முறை சோறு போட்டார், கேட்காமலே.

ரசத்துக்குக் கைம்மாறாக ஞாயிற்றுக்கிழமைகளில் சார்ஜன்ட் பாய்க்குச் சறுக்கக் கற்றுக்கொடுத்தார். நான் சிரித்தேன். பாய் முதல் நாளே விழாமல் நின்றார். எப்படி என்று கேட்டதற்கு, "சேத்துல பரம்படிக்கிற மாதிரிதான் ரைட்டரே. மாடு மட்டும் இல்ல, அவ்வளவுதான்" என்றார். வெள்ளாற்றுக் கரை வயல்களில் சின்ன வயதிலிருந்து மாட்டின் பின்னால் பரம்புப் பலகை மேல் நின்று சேற்றைச் சமன் செய்த கால்கள் அவை. எங்கே முழங்காலை மடக்க வேண்டும், எங்கே உடம்பைச் சாய்க்க வேண்டும் என்று யாரும் அவருக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

பனி இளக ஆரம்பித்த மாதத்தில், கடைசி ஞாயிற்றுக்கிழமை, சார்ஜன்ட் அவரைப் பெரிய சரிவின் உச்சிக்குக் கூட்டிப்போனார். படித்த ஆபீசர்களே பாதியில் உருண்ட சரிவு அது. நாங்கள் கீழே நின்றோம். மேலே ஒரு கறுப்புப் புள்ளி அசைந்தது. அப்புறம் அது வளைந்து வளைந்து, பனித்தூள் இரண்டு பக்கமும் பறக்க, எங்கள் முன்னால் வந்து நின்றது. கிரேக்கர்கள் தகரத் தட்டுகளைத் தட்டி ஆர்ப்பரித்தார்கள். நான் அழுதுவிட்டேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். நம் பக்கத்து ஆள்! சார்ஜன்ட் அப்போதே படம் எடுத்தார். கம்பளித் தொப்பி, கறுப்புக் கண்ணாடி, மூக்குவரை சுற்றிய துண்டு, காலில் பலகை. முகத்தில் ஒரு விரல்கடை இடம்கூட வெளியே தெரியவில்லை.

பனி வெளிச்சத்தில் என் கண் கெட்டுப்போனதால் என்னை ஊருக்கு அனுப்பினார்கள். பாயை இத்தாலிக்கு அனுப்பினார்கள். பிரியும்போது அந்தப் படத்தைத் துணியில் சுற்றி என்னிடம் கொடுத்தார். "எங்க மாமனார்கிட்ட சேர்த்துருங்க ரைட்டரே. அடுப்பூதிக்கிட்டு இருக்கேன்னு நெனச்சுக்கிட்டு இருக்காரு. பாக்கட்டும்." இருந்தது ஒரே பிரதி. கொண்டு சேர்ப்பேன் என்று கையடித்துக் கொடுத்தேன்.

அரியலூர் ஸ்டேஷனில் வந்து இறங்கிய அன்றே என் பெட்டியைக் குடைந்த தங்கை அந்தத் துணியை அவிழ்த்தாள். வீடு நிறையச் சொந்தக்காரர்கள். "அண்ணே, இது நீயா?" என்றாள். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். பட்டாளத்தில் நான் என்ன செய்தேன் என்று அவர்கள் ஏற்கெனவே மூன்று முறை கேட்டிருந்தார்கள். கிடங்கில் பூட்ஸ் எடுத்துக் கொடுத்தேன் என்று சொல்ல வாய் வராமல் நானும் மூன்று முறை பூசி மெழுகியிருந்தேன். "ம்" என்றேன். ஒரே ஒரு எழுத்து. அதற்குள் படம் கைமாறிக் கைமாறிப் பக்கத்து வீட்டுக்குப் போய்விட்டது.

அடுத்த வாரம் கொண்டுபோய்க் கொடுத்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். அதற்குள் வரதராஜன்பேட்டையிலிருந்து சம்பந்தம் பேச வந்தவர்கள் பெண்ணிடம் காட்ட அந்தப் படத்தை வாங்கிப் போனார்கள். எனக்குப் பள்ளிக்கூடத்தில் வாத்தியார் வேலையும் கிடைத்தது. கல்யாணமாகி வந்தவள் கூடவே அதைக் கண்ணாடிச் சட்டம் போட்டு எடுத்து வந்தாள். "இதைப் பாத்துதான் சரின்னேன்" என்று வெட்கப்பட்டுக்கொண்டு சொன்னாள். அதற்குமேல் நான் என்ன செய்வேன்? வகுப்பில் பிள்ளைகள் கேட்டார்கள், சொன்னேன். பங்குச் சாமியார் கேட்டார், சொன்னேன். சொல்லச் சொல்லக் காற்று என் காதில் இரைவதுகூட எனக்குக் கேட்க ஆரம்பித்தது. பரம்படிப்பது பற்றிப் பாய் சொன்னதைக்கூட விடவில்லை. அதையும் என் வாய்ச்சொல்லாக ஆக்கிக்கொண்டேன். திருடுகிறவன் பாத்திரத்தை எடுத்தால் மூடியை விட்டுவிட்டா போவான்?

யுத்தம் முடிந்து ஒரு வருஷம் இருக்கும். ஒரு சனிக்கிழமை முற்பகல் வாசலில் பாயின் குரல் கேட்டது. கூடவே அவருடைய மாமனார், வெள்ளைத் தாடி, பெரம்பலூரில் மளிகைக் கடை வைத்திருப்பவர். பாய் என்னைக் கட்டிக்கொண்டார். நான் அவர்களைச் சுவரில் மாட்டியிருந்த படத்துக்கு முதுகு காட்டும்படி பெஞ்சில் உட்கார வைத்தேன். அந்த அவசரத்திலும் எனக்கு அது தோன்றியது பாருங்கள்.

"படம் கப்பல்ல தொலஞ்சு போச்சா ரைட்டரே?" என்று பாய் கேட்டார். தலையை ஆட்டினேன். எந்தப் பக்கம் ஆட்டினேன் என்று எனக்கே தெரியாது.

மாமனார் விஷயத்துக்கு வந்தார். "எனக்கு ஆம்பளப் புள்ள இல்லீங்க தம்பி. கடையை மாப்புளகிட்ட விட்டுரலாம்னு இருந்தேன். வந்தவரு, கால்ல பலகையைக் கட்டிக்கிட்டுப் பனிமலையிலேர்ந்து இறங்குனேன், வெள்ளைக்காரனுவ கைதட்டுனானுவன்னு சொல்லிக்கிட்டுத் திரியுறாரு. ஊர்ல ஐஸ்கட்டின்னு பட்டப்பேரே வச்சுட்டானுவ. சமைக்கப் போனவரை எவன் மலையில ஏத்துவான்? இவ்வளவு பெரிய பொய் சொல்றவர் கையில கடைச் சாவியைக் குடுக்க எனக்கு மனசு வரல. ரைட்டர் கூடவே இருந்தாரு, வாத்தியாரு, பொய் சொல்ல மாட்டாரு, அவரைக் கேளுங்கன்னு இவருதான் கூட்டியாந்தாரு. நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க. போதும்."

நான் வாயைத் திறந்தேன். ஆமாம், சொல்லத்தான் திறந்தேன் என்று இன்றுவரை என்னை நானே சமாதானப்படுத்திக்கொள்கிறேன். அப்போது எலுமிச்சை சர்பத்தோடு என் மனைவி உள்ளிருந்து வந்தாள். காதில் பாதிப் பேச்சு விழுந்திருக்கிறது.

"மலையிலேர்ந்து பலகை கட்டி இறங்குனதா? அது இவங்கதாங்க. பின்னால பாருங்க, படமே இருக்கு. வயல்ல பரம்படிக்கிற மாதிரிதான், மாடு மட்டும் இல்லன்னு சொல்வாங்க."

இரண்டு பேரும் திரும்பிப் பார்த்தார்கள். பாய் வெகுநேரம் பார்த்தார். தன்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் இல்லை, காத்திருந்தார். நான் சொல்வேன் என்றே காத்திருந்தார். என் மனைவி தட்டோடு சிரித்த முகமாக நின்றாள், ஏழு மாதக் கர்ப்பம். நான் தரையைப் பார்த்தேன்.

"சும்மா வெளையாட்டுக்குச் சொன்னேன் மாமு" என்றார் பாய். "ரைட்டர் இறங்குனதைத்தான் நான் இறங்குனதா சொல்லிக்கிட்டேன். விடுங்க." என் மனைவி பக்கம் திரும்பி, "நல்லா எறங்குனாரு தங்கச்சி. நாங்கள்லாம் தட்டைத் தட்டுனோம்" என்றார்.

மாமனார் சர்பத்தைத் தொடவில்லை. என்னிடம் மட்டும், சிரமம் கொடுத்ததற்கு மன்னிக்கச் சொல்லிவிட்டு எழுந்தார். பாய் சர்பத்தைக் குடித்து முடித்து, டம்ளரை என் மனைவியிடம் கொடுத்துவிட்டுப் பின்னால் போனார்.

மூன்று மாதம் எனக்குச் சோறு இறங்கவில்லை. பிறந்த மகனைத் தூக்கவே கூசியது. ஈஸ்டருக்கு முன்னால் பாவசங்கீர்த்தனத்தில் எல்லாவற்றையும் கொட்டினேன். படத்தை உரியவர்களிடம் கொடு, உண்மையைச் சொல் என்றார் சாமியார். அதுதான் அபராதம், வேறு செபம் எதுவும் சொல்லவில்லை. மனைவி கோயிலுக்குப் போயிருந்த நேரத்தில் படத்தைக் கழற்றித் துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு பெரம்பலூர் பஸ் ஏறினேன். வழி முழுக்க ஒரே வாக்கியத்தைச் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன்.

கடையைக் கண்டுபிடிக்கக் கஷ்டமில்லை. கல்லாவில் ஒரு இளவட்டம் உட்கார்ந்திருந்தது. மாமனாரின் அண்ணன் மகனாம். சாவிக்கொத்து அவன் இடுப்பில் தொங்கியது. மாமனார் மூட்டைகளுக்குப் பக்கத்தில் நின்றிருந்தார். பாய் எங்கே என்று கேட்டேன்.

"பினாங்குக்குக் கப்பல் ஏறிட்டாரு. ஓட்டல்ல சமையல் வேலை. இங்க இருக்க முடியல அவரால. எம் மவ அழுதுக்கிட்டு இருக்கா."

நான் துண்டை அவிழ்த்துப் படத்தை அவர் கையில் வைத்தேன். பஸ்ஸில் சொல்லிப் பார்த்த வாக்கியத்தைச் சொன்னேன். "இது நான் இல்லீங்க. இது உங்க மாப்பிள்ளை. பொய் சொன்னது நான்."

அவர் படத்தைப் பார்த்தார். தொப்பி, கண்ணாடி, துண்டு. நிமிர்ந்தபோது அவர் கண் கலங்கியிருந்தது.

"அவரே உங்க வூட்டுல வச்சு, தான் இல்லன்னு சொல்லிட்டாரே தம்பி. எங்காதால கேட்டேனே."

"எனக்காகச் சொன்னாருங்க. என்னைக் காப்பாத்தச் சொன்னாரு."

"நீங்க இப்ப அவரைக் காப்பாத்தச் சொல்றீங்க." என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். "கூட வேலை பாத்தவனுக்காக, ஒங்க பேரையே கெடுத்துக்கிட்டு, ஒங்க படத்தையே தூக்கியாந்திருக்கீங்க. வேணாம் தம்பி. ஒங்களைப் பொய் சொல்ல வச்ச பாவமும் அவருக்குச் சேர வேணாம்."

நான் மாதா மேல் சத்தியம் செய்தேன். அவர் என் வாயைப் பொத்தினார். பக்கத்துக் கடைக்காரர்களைக் கூப்பிட்டு, "சினேகிதம்னா இதைப் பாருங்கப்பா" என்று என்னைக் காட்டினார். அவர்கள் என்னைக் கும்பிட்டார்கள். ஒருவர் டீ வாங்கி வந்தார். படத்தை மறுபடி துண்டில் சுற்றி, "ஒங்க புள்ளைக்கு வச்சிருங்க" என்று என் மடியில் வைத்தார்கள். நான் டீயைக் குடித்தேன்.

இருட்டுவதற்கு முன்னால் வீடு திரும்பினேன். சுவர் வெறிச்சென்றிருப்பதைப் பார்த்துவிட்டு மனைவி கலங்கிப்போய் உட்கார்ந்திருந்தாள். சட்டம் ஆடியது, சரிசெய்யக் கொண்டுபோனேன் என்றேன். அவளே ஸ்டூல் போட்டு ஏறி மாட்டினாள். நேராக இருக்கிறதா என்று கேட்டாள். இருக்கிறது என்றேன்.