வெளிப்பூட்டு

செவ்வாய்க்கிழமை பின்னேரமானால் வினோதாவின் லயக் காம்பராவில், அந்த ஒற்றையறை வீட்டில், ஆளில்லை. லோன் கம்பெனிக்காரர்கள் அப்படித்தான் நினைக்க வேண்டும். பறித்த கொழுந்தை நிறுத்துவிட்டு வந்ததும் அவளும் ஆறு வயது மகள் லோஜினியும் உள்ளே போய் உட்கார்ந்துகொள்வார்கள். பக்கத்துக் காம்பரா ராக்காயி வெளியே பூட்டைப் போட்டு, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு போவாள். உடப்புசல்லாவைப் பக்கத்து அந்தத் தேயிலைத் தோட்டத்தில் பாதி லயத்துக்கு இதுதான் வழக்கம்.

கூரைத்தகடு மாற்ற எடுத்த கடன். ஐந்து பெண்கள் ஒருத்திக்கொருத்தி பிணை நின்றார்கள். கொழும்பில் கடை வேலைக்குப் போன வினோதாவின் புருஷன் சல்லி அனுப்புவதை நிறுத்திவிட்டான், தவணையும் நின்றுபோனது. ஒருத்தி கட்டாவிட்டால் கம்பெனிக்காரர்கள் மற்ற நாலு பேரையும் கூப்பிட்டு அவள் வாசலில் உட்கார வைத்துவிடுவார்கள். பக்கத்து லயத்தில் தவணை தவறிய வீரம்மாவை அப்படி இருட்டும்வரை வைத்திருந்து, பொம்பளையிடம் கேட்கக்கூடாததெல்லாம் கேட்டார்கள். அதற்குப் பிறகு வீரம்மா யார் முகத்தையும் பார்த்துப் பேசுவதில்லை.

கடன் கம்பெனிகளுக்கெல்லாம் சேர்த்து ஒரு சங்கம் உண்டு. மரியாதையாகப் பேச வேண்டும், இருட்டினால் வரக்கூடாது என்று நல்ல நல்ல விதியெல்லாம் போட்டு, முறையிட ஒரு போன் நம்பரும் கொடுத்திருந்தது. வினோதா ஒருமுறை துணிந்து பேசினாள். எடுத்தவர் சிங்களத்தில் அன்பாகத்தான் விசாரித்தார். பெயர், தோட்டம், லயம் எல்லாம் கேட்டுக்கொண்டார். அடுத்த செவ்வாய் வசூலுக்கு வந்த லோஜன், வலப்பனைப் பையன், வாசலில் நின்று மெதுவாகச் சொன்னான்: "சங்கத்துக்குப் பேசுனீங்களாமே அக்கா." அவள் முறையீடு நேரே கம்பெனிக்கே போய்ச் சேர்ந்திருந்தது. அவள் வாசலில் வெளிப்பூட்டு அந்தக் கிழமைதான் ஆரம்பமானது.

அதற்குப் பிறகும் லோஜன் வருவான். பூட்டைப் பார்ப்பான், படியில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருப்பான், போய்விடுவான். அவ்வளவு நேரமும் வினோதா மூச்சைக்கூட எண்ணி எண்ணித்தான் விடுவாள். இருமல் வந்தால் தலையணையில் முகத்தைப் புதைக்க லோஜினி பழகிவிட்டாள். பிள்ளைக்குப் பழக்குகிற பழக்கமா அது?

அந்தச் செவ்வாய் விடாத அடைமழை. தோட்டத்தில் வேலை இல்லை. ராக்காயி காலையிலேயே பூட்டிவிட்டு வலப்பனை ஆஸ்பத்திரிக்குப் போனவள் பின்னேரமாகியும் திரும்பவில்லை. வழியில் மண் சரிந்து பஸ் நின்றுபோனது உள்ளே இருந்தவளுக்கு எப்படித் தெரியும்? கம்பெனிக்குப் பயந்து போனையும் அணைத்து வைத்திருந்தாள். பின்சுவரில் சேற்றுத் தண்ணீர் கசிந்து இறங்கியது. மேட்டுப் பக்கம் ஏதோ முனகுவது போலிருந்தது.

அப்போதுதான் கதவு தடதடத்தது. ஒருவர் இல்லை, பலர். மழை இரைச்சலில் வார்த்தை பிடிபடவில்லை, ஆனால் ஒரு குரல் மட்டும் தெளிவாகத் தெரிந்தது. லோஜன்! இந்த முறை ஆள் கூட்டி வந்துவிட்டான், வீரம்மாவுக்கு நடந்ததுதான் நமக்கும் என்றுதான் அவள் நினைத்தாள். மகளின் வாயைப் பொத்தி, கட்டிலடிக்கு இழுத்துக்கொண்டாள்.

"பூட்டுத் தொங்குதுய்யா, ஆளில்ல. வாங்க, அடுத்த லயத்துக்குப் போவோம்." அது தோட்டத் தலைவர் கந்தப்பனின் குரல்.

வினோதாவுக்கு அப்பாடா என்றிருந்தது. உண்மையாகவே சந்தோஷப்பட்டாள், பாவம்.

"இருக்காங்க தலைவரே," என்றான் லோஜன். "ஒடைங்க."

அலவாங்குக் கம்பியால் அடித்த அடியில் பூட்டு தெறித்தது. தொப்பலாக நனைந்த லோஜன் உள்ளே பாய்ந்து, கட்டிலடியில் கைவிட்டு லோஜினியைத் தூக்கினான். "மேடு எறங்குதுக்கா, ஓடுங்க!"

அவர்கள் கோயில் வளைவைத் தாண்டுவதற்குள் லயத்தின் பாதி மண்ணுக்குள் போய்விட்டது. அவள் காம்பரா அந்தப் பாதியில் இருந்தது.

பள்ளிக்கூடத்து வகுப்பறையில் எல்லாரையும் தங்க வைத்தார்கள். மகளின் தலையைத் துவட்டியபின் வினோதா லோஜனிடம் கேட்டாள்: "நாங்க உள்ள இருக்கோம்னு ஒங்களுக்கு எப்டித் தம்பி தெரியும்?"

அவன் தலையைக் குனிந்துகொண்டான். "சங்கம் எங்களுக்கு வகுப்பு வச்சுச் சொல்லிக் குடுத்துச்சுக்கா. பூட்டப் பாக்காத, செருப்பப் பாருன்னு. ஒங்க செருப்பு எல்லாச் செவ்வாக்கெழமையும் வாசல்லதான் கெடந்துச்சு."

எல்லாச் செவ்வாய்க்கிழமையும்! தெரிந்துகொண்டேதான் அவன் படியில் உட்கார்ந்திருந்தான். மகள் இருமலைத் தலையணையில் புதைத்த ஒவ்வொரு முறையும் அவனுக்குத் தெரிந்திருக்கிறது. நன்றி சொல்ல வாயெடுத்தவள், மகளை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

அடுத்த செவ்வாய் மழை விட்டிருந்தது. பின்னேரம் பள்ளிக்கூட வாசலில் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டது. பிள்ளையின் உயிரைக் காப்பாற்றியவன்தான் வருகிறான் என்று வினோதாவுக்கு நன்றாகவே தெரியும். இருந்தும் அவள் எழுந்தாள், வாசலில் கிடந்த தங்கள் இரண்டு சோடிச் செருப்பையும் எடுத்துக்கொண்டு, மகளோடு கரும்பலகைக்குப் பின்னால் போய் உட்கார்ந்தாள்.