பெத்ரியா மழித்த தலை

ராக்கிதிச் குடும்பம் என்றால் எங்கள் மலைப்பக்கத்தில் எவனும் மார்தட்டுவான். குடும்பத்துக் கிழவரின் தலையைத் துருக்கியர் வெட்டினார்கள். மூத்த மகன் தனாசியே அவர்களுக்கு எதிரான கலகத்தில் படை நடத்தினார், இளையவர் ரிஸ்தோ சபையில் உட்கார்ந்து தீர்ப்பு எழுதினார். அவர்கள் புகழ் பாட ஆயிரம் பேர் இருக்கிறார்கள். நான் சொல்லப்போவது, பன்றி மேய்த்துப் பிழைத்த என் பக்கத்து வீட்டுப் பெத்ரியாவைப் பற்றி.

அவள் மகன் வுகோட்டாவுக்கு முதல் முடி வெட்டியவர் தனாசியே. அன்று முதல் அவர் அந்த வீட்டுக்குக் 'கூம்', ஞானத்தகப்பன் மாதிரி. எங்களுக்கு அதைவிடப் பெரிய உறவில்லை. கூம் துரோகம் செய்வார் என்று கனவில்கூட நினைக்கமாட்டோம்.

கலகத்தின் மூன்றாம் ஆண்டு அவள் புருஷன் பதுங்குகுழியில் செத்தான். அவள் நிறைமாதம். மக்காச்சோளம் அறுக்க ஆளில்லை என்று வுகோட்டா படையைவிட்டு ஓடிவந்தான். ஓடியவனைச் சுடுவதுதான் சட்டம். அவனைப் பழம் உலர்த்தும் கொட்டிலில் ஒளித்துவிட்டு, வயிற்றைத் தாங்கிக்கொண்டு தனாசியே வீட்டுக்குப் போனாள்.

"கூமே, புள்ளையக் காப்பாத்துங்க. அறுப்பு முடிஞ்சதும் நானே திருப்பி அனுப்புறேன்."

"எங்க இருக்கான்?"

"சத்தியம் பண்ணுங்க, சொல்றேன்."

அவர் சிலுவையை முத்தமிட்டார். "என் கை அவன் மேல படாது பெத்ரியா."

சொல்லிவிட்டாள். பாவி, நானாக இருந்தாலும் சொல்லியிருப்பேன்.

அவர் கை படவில்லை. மறுநாள் உச்சிவேளைக்குள் ரிஸ்தோவின் ஆட்கள் வந்து பையனை வால்நட் மரத்தில் கட்டிச் சுட்டார்கள். அவள் தனாசியேயின் காலில் விழுந்து கதறினாள்.

"நான் தொட்டேனா? சட்டம் தம்பியோடது. கூம் வீட்டுப் புள்ளைன்னு விட்டா ஊர் சிரிக்காதா?" என்றார் அவர்.

பத்தாம் நாள் ரான்கோ பிறந்தான். முடி வெட்டும் உரிமை அதே கூமுக்குத்தான், மறுத்தால் ஊருக்கே ஆகாது. ஒரு வயதானதும் தனாசியே கத்தரியோடு குதிரையில் வந்து இறங்கினார். பெத்ரியா குழந்தையின் குல்லாயைக் கழற்றினாள். தலை முட்டை மாதிரி மழுங்கச் சிரைத்துக் கிடந்தது, இரண்டு இடத்தில் சவரக்கத்தி கீறிய ரத்தம்.

"என்னடி இது?"

"பேன், கூமே. மழிச்சுட்டேன்."

அவர் சிரித்தார். "வளரட்டும். மறுபடி வரேன்."

ஒவ்வொரு சனிக்கிழமையும் மழித்தாள். வருஷத்துக்கு ஒருமுறை வந்தவர், தலையில் வெட்ட ஒன்றும் இல்லாததால் ஐந்து முறை திரும்பிப் போனார். ஆறாம் வருஷம் அவள் காய்ச்சலில் மூன்று வாரம் நினைவில்லாமல் கிடந்தாள். பையனுக்கு விரலகலத்துக்கு முடி வளர்ந்துவிட்டது. அப்போது தனாசியே வந்தார். தடுக்க எங்களுக்குப் பயம். பையன் திமிறினான், நான்தான் அவன் தலையைப் பிடித்துக்கொண்டேன்.

கண் விழித்தவள் மகன் தலையைத் தடவினாள். கத்தரி போன இடத்தில் விரல் நின்றது.

"யார்டா பிடிச்சா?"

பையன் என்னைக் காட்டினான்.

அதற்குப் பிறகு பதினோரு வருஷம் இருந்தாள். அடுப்பு அணைந்தால் பக்கத்திலிருந்த என் வீட்டுக்கு நெருப்பு கேட்டு வரவில்லை. பனியில் மலையடிவாரம்வரை நடந்து போய் வாங்கிவந்தாள்.