இட உதவி செய்தவன் சொல்கிறேன்

திருச்சி காந்தி மார்க்கெட்டில் மூட்டை சுமந்தவன் நான். அதே மார்க்கெட்டில் சொந்தமாக வெங்காயக் கமிஷன் மண்டி வைத்தேன். துறையூர்ப் பக்கம் எங்கள் ஊரில் கல்லும் கருவேலமுமாகக் கிடந்த நிலத்தை வாங்கிக் கிணறு வெட்டினேன். "இவனுக்குத் தண்ணியா வரப்போகுது, வேர்வைதான் வரும்" என்று சிரித்தவர்கள் இன்றைக்கு அந்தக் கிணற்றுத் தண்ணீரில்தான் நாற்று நனைக்கிறார்கள். லாரி வாங்கினேன். மாடி வைத்து வீடு கட்டினேன். அஞ்சாம் கிளாஸை முழுசாக முடிக்காதவன், பிள்ளைகள் இரண்டு பேரையும் இன்ஜினியராக்கினேன். இதையெல்லாம் ஊரில் எவனும் இல்லை என்று சொல்ல மாட்டான். ஆனால் நான் கட்டியதிலேயே பெரியது எங்கள் ஊர்க் கலைச் சங்கம். அதை மட்டும் நான் கட்டவில்லையாம்.

சார் கட்டினாராம். சங்கத்தின் புதுக் கலையரங்க வாசலில் ஒரு கருங்கல் பதிக்கப் போகிறார்கள். அதில் நிறுவனர் என்று சார் பெயர் மட்டும் வரப் போகிறது. அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

சார் என்றால் எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் தமிழ் வாத்தியாராக இருந்தவர். ஸ்ரீரங்கத்துக்காரர். தினமும் காலையில் திருவானைக்கோவில் ஸ்டாப்பிங்கில் துறையூர் பஸ்ஸைப் பிடித்து வந்து, சாயங்காலம் திரும்பிப் போவார். நெற்றியில் திருமண், கையில் குடை. கெட்ட மனுஷர் இல்லை. கெட்டவராக இருந்திருந்தால் எனக்கு வேலை சுலபமாக முடிந்திருக்கும், திட்டிவிட்டுப் போயிருப்பேன். அவருக்கு ஒரு குரல் உண்டு. தொண்டையைச் செருமினாலே கூட்டம் அடங்கிவிடும். நான் கத்திப் பேசினால், "என்னண்ணே, ஏலம் போடறீங்களா?" என்று பின்னாலிருந்து ஒருத்தன் கேட்பான்.

சங்கம் வேண்டும் என்று முதலில் நினைத்தது நான். மூட்டை தூக்கிய காலத்தில், வேலை முடிந்து திருச்சியில் ஒரு நாடகக் கொட்டகையின் சுவருக்கு வெளியே நிற்பேன். உள்ளே ஆர்மோனியம் கேட்கும், சிரிப்புச் சத்தம் கேட்கும். ஒருநாள் கையில் டிக்கெட்டோடுதான் போனேன். வாசலில் நின்றவன் மூக்கைப் பொத்திக்கொண்டு, "வெங்காய நாத்தத்தோட எப்படி உள்ள விடறது? குளிச்சிட்டு நாளைக்கு வா" என்றான். நாளைக்கு வேறு நாடகம். அன்றைக்கு நினைத்தேன், என் ஊரில் ஒரு மேடை போடுவேன், வெங்காய வாசனையோடு எல்லாரும் வந்து உட்காரட்டும் என்று.

சாரிடம் அதைச் சொன்னது டீக்கடையில். அவர் டீ குடிக்க மாட்டார், பஸ்ஸுக்காக நிற்பார். "சார், திருவிழாவுக்கு வருஷா வருஷம் ரெக்கார்டு டான்ஸ் வச்சு அடிதடியில முடியுது. நல்ல நாடகம், பாட்டு, கும்மின்னு நம்மளே நடத்துனா என்ன?" என்றேன். அவர் குடையை மடக்கிவிட்டு, "பேஷா நடத்தலாமே. ஒரு சங்கமா வச்சுண்டா நிலைச்சு நிக்கும்" என்றார். சங்கம் என்கிற வார்த்தை அவருடையது. அதை நான் மறுக்கவில்லை.

முதல் நிகழ்ச்சி ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். கோயில் திடலில் நாடகம் என்று ஏற்பாடு. திருச்சியிலிருந்து நாடகக்காரர்கள் செட்டை என் லாரியில்தான் ஏற்றி வந்தேன். வந்து இறங்கினால் மழை பிடித்துக்கொண்டது. திடல் குளமாகிவிட்டது. சார் கையைப் பிசைந்துகொண்டு நிற்கிறார். நான் சொன்னேன்: "என் வெங்காயக் கொட்டகை இருக்கு சார். மண்டிக்கு லோடு போறதுக்காகக் காலையிலேர்ந்து தாள் அறுத்துக்கிட்டிருக்காங்க. மூட்டையை ஓரமா தள்ளிட்டா ஊரே உக்காரலாம்."

தாள் அறுப்பது என்றால் சின்ன வெங்காயத்தின் காய்ந்த மேல் தாளை அரிவாள்மணையில் நறுக்கித் தள்ளுவது. பத்து பொம்பளைகள் விடியற்காலையிலிருந்து அறுத்திருந்தார்கள். தரையெல்லாம் தாள், சருகு, அழுகல். பெருக்கித் தள்ள நேரமில்லை. அதன்மேலேயே சாக்கை விரித்தேன். சனங்கள் வந்து நெருக்கி உட்கார்ந்தார்கள். சாரல் அடிக்கிறது என்று ஷட்டரையும் இழுத்துவிட்டாயிற்று.

சார் எழுந்து பேச ஆரம்பித்தார். கலை என்பது உழைக்கிற சனங்களின் மூச்சு என்று என்னமோ சொன்னார். முன்வரிசையில் ஒரு கிழவி முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். அப்புறம் அவள் பக்கத்தில் ஒருத்தி. கொஞ்ச நேரத்தில் கொட்டகையே மூக்கை உறிஞ்சியது. அவர்களைப் பார்த்து சாருக்கும் கண்ணீர் வழிந்தது. அங்கவஸ்திரத்தால் துடைத்துத் துடைத்துப் பேசினார். பேசி முடித்து, நாடகத்தில் பபூன் வந்தான். அவனுக்கும் அழுதார்கள். உள்ளே வந்து என்னைப் பிடித்துக்கொண்டான்: "என்னண்ணே உங்க ஊரு? ஜோக்குக்கும் அழுவுறாய்ங்க. எனக்கே பயமா இருக்குண்ணே!" அவன் கண்ணிலும் மை கரைந்து ஓடிக்கொண்டிருந்தது.

நான் சிரித்தேன். வெங்காயக்கார ஊர், இது எல்லாருக்கும் தெரிந்த சங்கதிதானே என்று விட்டுவிட்டேன். மறுநாள் சார் பஸ்ஸை விட்டு இறங்கியதும் இறங்காததுமாக, "முதலாளி, நம்ம ஜனங்களுக்கு எப்பேர்ப்பட்ட ரசனை! இனிமே இதை விடப்படாது" என்றார். அந்த வேகத்தில்தான் சங்கத்தைப் பதிவு செய்தார், பெயர் வைத்தார், செயலாளர் ஆனார். நான் பொருளாளர்கூட இல்லை. அழைப்பிதழில் அடியில், மைக் செட்டுக்கு மேலே, 'இட உதவி' என்று போட்டார்கள்.

அதற்கப்புறம் சங்கம் வளர்ந்ததை ஊர் அறியும். பௌர்ணமிதோறும் நிகழ்ச்சி. பொங்கலுக்குக் கலை விழா. கோடை லீவில் பிள்ளைகளுக்குப் பறை, சிலம்பம், படம் வரைகிற வகுப்பு. பொம்பளைகளுக்குக் கும்மி, கோலாட்டம். அவர்கள் திருச்சிக்கு அந்தப் பக்கம் கைலாசபுரம் வரைக்கும் போய் ஆடிவிட்டு வந்தார்கள். போனது யார் லாரியில்? வந்தவர்களுக்கு விருந்து யார் வீட்டு அடுப்பில்? ஜெனரேட்டர் நின்றுபோனால் டீசலோடு ஓடியது யார்? வருஷத்துக்கு வருஷம் எனக்குப் பதவி மட்டும் மாறியது: இட உதவி, வாகன உதவி, உணவு உதவி. நன்றியுரையில் என் பெயர் வரும்போது சனங்கள் எழுந்து செருப்பைத் தேடிக்கொண்டிருப்பார்கள். சார் பெயர் ஆரம்பத்தில் வரும். பொன்னாடை அவருக்கு. துண்டு விரித்த நாற்காலி அவருக்கு. என் பேரப்பிள்ளைகள் மேடைக்கு ஓடிப்போய் அவர் காலைத் தொட்டுக் கும்பிடுவார்கள். வீட்டில் என் காலைத் தாண்டிக்கொண்டு ஓடுகிற பிள்ளைகள்.

வெள்ளி விழாவுக்குச் சங்க வரலாற்றை வீடியோவாக எடுத்தார்கள். திருச்சியில் விஸ்காம் படிக்கிற எங்கள் ஊர்ப் பெண் ஒருத்தி கேமராவோடு வந்தாள். நான் புது வேட்டி கட்டி, என் கொட்டகை வாசலில் உட்கார்ந்து, நாடகக் கொட்டகைச் சுவரிலிருந்து ஆரம்பித்து ஒரு காலைப் பொழுது முழுக்கப் பேசினேன். வெங்காயம் வரைக்கும் சொன்னேன். விழாவன்று இரண்டாவது வரிசையில் வீட்டுக்காரியோடு உட்கார்ந்து திரையைப் பார்த்தேன். நான் வந்தேன். ஷட்டரைத் தூக்கினேன். அவ்வளவுதான். அடுத்தாற்போல் திரை முழுக்க சார். "அன்னிக்கு நான் பேசப் பேச ஜனங்கள் கண்ணீர் விட்டு அழுதா. அந்தக் கண்ணீர்தான் இந்தச் சங்கத்துக்கு அஸ்திவாரம்" என்கிறார். கைதட்டல் ஓய வெகுநேரம் ஆனது.

அந்தப் பெண்ணைப் பிடித்துக் கேட்டேன். "தாத்தா, நீங்க பேசினது ரொம்ப நீளம். ஆனா ஷட்டர் ஷாட் செம்மயா வந்திருக்கு தாத்தா!" என்றாள்.

வீட்டுக்கு வந்தும் எனக்கு ஆறவில்லை. "பார்த்தியா, என் வெங்காயத்துக்கு ஊர் அழுதுச்சு, அது அவரு பேச்சுக்கு அழுததாம்" என்றேன். என் வீட்டுக்காரி சோறு போட்டுக்கொண்டே சொன்னாள்: "பொறந்ததிலேர்ந்து தாள் அறுக்குறவ நானு. வெங்காயத்துக்கு நான் எதுக்குங்க அழுவுறேன்? நான் சார் பேச்சுக்குத்தான் அழுதேன்."

தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தேன்.

மறுநாளே ஸ்ரீரங்கம் போனேன். சார் வாயாலேயே கேட்டுவிடுவது என்று. உத்தர வீதியில் வீடு. "வாங்கோ முதலாளி, வாங்கோ! ஆத்துல எல்லாரும் க்ஷேமமா?" என்று எழுந்து வந்தார். மாமி வெள்ளி டம்ளரில் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார்.

"சார், ஒண்ணு கேக்கணும். அன்னிக்கு முதல் நிகழ்ச்சியில சனங்க எதுக்கு அழுதாங்க?"

சார் கண்ணை மூடிக்கொண்டார். "எல்லாம் பெருமாள் சங்கல்பம். என்ன பேசினேன்னே ஞாபகம் இல்லை. ஆனா நானே அழுதுட்டேன் பாருங்கோ."

"வெங்காயம் சார்."

"என்னது?"

"தாள் அறுத்த தரையில சாக்கை விரிச்சு உக்கார வச்சேன். கீழ பூரா அழுகல். ஷட்டரை வேற சாத்தியாச்சு. பபூனுக்கும்தானே சார் அழுதாங்க?"

அவர் வாயைத் திறந்தபடி என்னைப் பார்த்தார். "வெங்காயத்துக்குக் கண் எரியும்னு வாசிச்சிருக்கேன் முதலாளி. ஆனா அனுபவம் கிடையாது. நம்மாத்துல அது உள்ளே வரதில்லையே."

உள்ளேயிருந்து மாமி குரல் கொடுத்தார்: "எனக்குத் தெரியும். அன்னிக்கு வந்து நின்னப்போ வேஷ்டியெல்லாம் அந்த வாசனை. கொல்லையில ஸ்நானம் பண்ணாம உள்ளே வராதேங்கோன்னு நிறுத்தி வச்சேனே! இவர் ஈர வேஷ்டியோட நின்னுண்டு, ஜனங்கள் அழுதா, நானும் அழுதேன்னு சொல்றார். சந்தோஷமா இருக்கார், இருந்துட்டுப் போகட்டும்னு விட்டுட்டேன்."

"இத்தனை வருஷமா சொல்லலையே நீ?"

"நீங்க கேக்கலையே."

அவர் முகம் விழும் என்று காத்திருந்தேன். சத்தியமாக அதற்காகத்தான் போனேன். சாரின் தோள் குலுங்கியது. விழுந்து விழுந்து சிரித்தார். என் கையைப் பிடித்துக்கொண்டு, "முதலாளி, பொங்கல் விழாவுல இதை நானே மேடையில சொல்லப்போறேன். சொல்லியே ஆகணும்" என்றார்.

கொள்ளிடம் பாலத்தில் பஸ் போகும்போது காற்று முகத்தில் அடித்தது. ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன்.

பொங்கல் விழாவில் சொன்ன சொல் மாறாமல் சொன்னார். எப்படிச் சொன்னார் தெரியுமா? பபூன் மாதிரி பேசிக் காட்டினார். மாமி மாதிரி பேசிக் காட்டினார். கொல்லையில் ஈர வேட்டியோடு நின்றதை நடித்தே காட்டினார். கலையரங்கமே உருண்டது. "அந்த வெங்காயத்துக்குச் சொந்தக்காரர் இதோ உக்காந்திருக்கார்!" என்று என்னைக் காட்டினார். எல்லாரும் திரும்பி என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். திரும்ப மேடையைப் பார்த்துக் கைதட்டினார்கள். என்னைப் பார்த்தபோது சிரிப்பு, அவரைப் பார்த்தபோது கைதட்டல். இந்த வித்தியாசம் எனக்கு மட்டும்தான் தெரிந்தது.

இப்போது போகிற மேடையிலெல்லாம் அவரை வெங்காயக் கதை சொல்லச் சொல்கிறார்கள். துறையூரில் சொன்னார். கைலாசபுரத்துக்குக் கூப்பிட்டுச் சொல்லச் சொன்னார்கள். அந்தப் பெண் அதையும் வீடியோவில் சேர்த்துவிட்டாள். நான் இன்னும் ஷட்டரைத்தான் தூக்கிக்கொண்டிருக்கிறேன். என் தோட்டத்தில் விளைந்து, என் கொட்டகையில் நசுங்கி, என் வாயால் நான் சொன்ன சங்கதிக்கு அவருக்குப் பொன்னாடை. என் வீட்டுக்காரி சொல்லிவிட்டாள்: "சார் சொன்னாத்தாங்க அது கதை. நீங்க சொன்னா புகாரு."

புகாராகவே இருக்கட்டும். சங்கத்துக்காரர்களுக்குச் சொல்கிறேன். கல்லில் சார் பெயரை மேலே போடுங்கள். பெயர் வைத்தவர், பதிவு செய்தவர், பேசியவர் அவர். ஆனால் அதற்குக் கீழே, அதே அளவு எழுத்தில், என் பெயர் வர வேண்டும். உதவி என்கிற வார்த்தை அதில் வரக்கூடாது. முதல் மேடை இவருடையது என்று வெட்டுங்கள். முதல் கண்ணீரும் இவருடையது என்று வெட்டுங்கள். என் வீட்டுக்காரி ஒருத்தியின் கண்ணீரை வேண்டுமானால் சாருக்கே விட்டுக்கொடுக்கிறேன். மிச்சமெல்லாம் என்னுடையது. இனிமேல் சார் அந்தக் கதையைச் சொன்னால், சொல்லி முடித்ததும் என்னை மேடைக்குக் கூப்பிட வேண்டும். நான் ஏறி நின்ற பிறகு கைதட்டுங்கள்.

கல் வெட்டுகிறவர் வந்து வாசலில் அளவு எடுத்துக்கொண்டு போயிருக்கிறார். இன்னும் உளி வைக்கவில்லை. என் பெயருக்கும் சேர்த்து அளவு எடுக்கச் சொல்லுங்கள்.