கொள்ளையர் வீட்டுக் கல்யாணச் சொதி

மழைக்காலத்தில் வரும் படக்கதைப் புத்தகத்தின் மை பெருவிரலில் ஒட்டிக்கொள்ளும். சோப்புப் போட்டுக் கழுவினாலும் அதன் மண்ணெண்ணெய் வாடை அன்று பகல் முழுக்கப் போகாது. தொண்ணூறுகளின் நடுவில், பாளையங்கோட்டையில் நான் ஆறாம் வகுப்புப் படித்தபோது, மாதம் ஒன்றாகத் தபாலில் வந்த அந்தப் புத்தகத்தை முதலில் யார் படிப்பது என்பதில் எனக்கும், எங்கள் வீட்டில் தங்கி ஒன்பதாம் வகுப்புப் படித்த அத்தை மகன் செல்லப்பா அத்தானுக்கும் ஓயாத வழக்கு.

வெளிநாட்டுக் கதை, இரண்டு அசட்டுக் கடல்கொள்ளையர்களின் கூத்து. தமிழாக்கியவர் கட்டங்களின் மூலைமுடுக்கில் நம் பக்கத்துச் சங்கதிகளை ஒளித்துவைப்பார். கப்பல் கிளிக்குப் பேச்சு மறந்துபோனால், தொலைக்காட்சியில் படம் நின்றதும் வருகிற 'தடங்கலுக்கு வருந்துகிறோம்' என்பதைச் சொல்லும். அடிமைச் சந்தைத் தரகன் வானொலிக் கிரிக்கெட் வர்ணனையாளர் மாதிரி மூச்சுவிடாமல் கூவுவான். இவற்றையெல்லாம் பக்க எண், கட்ட எண்ணோடு ஒரு நோட்டில் எழுதிவந்தேன். அத்தான் அதற்கு வைத்த பெயர் 'கப்சா நோட்டு'.

ஒரு மாதம், பதினேழாம் பக்கம் மூன்றாம் கட்டத்தில், தலைவன் மகள் கல்யாணத்துக்கு மறுநாள் விருந்தில் கொள்ளையன் ஒருவன் கிண்ணத்தை அப்படியே குடித்துவிட்டு, "சொதியைச் சோற்றில் ஊற்ற வேண்டுமாமே" என்று விழித்தான். தேங்காய்ப்பாலில் காய்கறி போட்டு வைக்கும் சொதி, எங்கள் பக்கத்துச் சைவ வீடுகளில் கல்யாணத்துக்கு மறுநாள் கட்டாயம். தமிழாக்கியவர் நம்ம ஊர்க்காரர் என்று நோட்டில் குறித்தேன்.

"ஏட்டி, சூப்புக்குத் தமிழ் தெரியாம சொதின்னு போட்டிருக்கான். அதவச்சு ஊரையே கண்டுபிடிக்கியாக்கும்" என்றார் அத்தான்.

"அப்ப எதுக்குக் கரெக்டா மறுநாளு வைக்கணும்?"

"எழுதிக் கேளு. தப்புன்னா இந்த வருசம் பூரா புஸ்தகம் எனக்குத்தான் மொதல்ல. அந்த நோட்டும் அடுப்புக்குப் போவணும்."

சம்மதித்து, இதழ் முகவரிக்குத் தமிழாக்கியவர் பேருக்கு அஞ்சலட்டை போட்டேன். பத்தொன்பதாம் நாள் வந்த பதிலை அத்தானே உரக்கப் படித்தார்: "எனக்குச் சேலம். என் மனைவிக்குப் பாளையங்கோட்டை. கல்யாணத்துக்கு மறுநாள் சொதியைப் பாயசம் என்று எண்ணித் தம்ளரில் வாங்கிக் குடித்தேன். மாமனார் வீடு இன்னும் சிரிக்கிறது. இதைக் கண்டுபிடித்தது நீ ஒருத்திதான், அம்மா."

"சேலத்துக்காரருல்லா. தோத்துட்டே, நோட்டை எடு" என்று அத்தான் கையை நீட்டினார். நோட்டைப் புரட்டிப் பார்த்தேன். ஊர்க்காரர் என்றுதான் எழுதியிருந்தேன், மறுக்க முடியாது.

அம்மா தேங்காய் துருவுவதை நிறுத்தாமலே சொன்னாள்: "பொண்ணும் குடுத்து, சொதியும் ஊத்தியாச்சு. பொறவு அவரு நம்ம ஆளு இல்லாம யாருலே?"

'ஊர்க்காரர்' என்பதை ஒரே கோட்டால் அடித்து, 'ஊர் மாப்பிள்ளை' என்று திருத்தித் தேதி போட்டேன். அத்தான் சாட்சிக் கையெழுத்துப் போட்டார். அந்த வருடம் முழுக்க முதல் வாசிப்பு எனதே. சந்தேகம் வரும்போது அவரே "நோட்டைப் பாரு" என்பார்.

அந்த மாத இதழ் நின்று பல வருடங்கள் ஆகின்றன. அதே கதை சென்ற மாதம் பளபளப்புத் தாளில், புதிய தமிழில் வந்திருக்கிறது. கிளி வெறுமனே கீச்சிடுகிறது. மறுநாள் விருந்தில் சூப் பரிமாறுகிறார்கள். பக்க எண், கட்ட எண் குறிப்பிட்டு, பிழைதிருத்தம் கோரிப் பதிப்பகத்துக்கு ஓர் அஞ்சலட்டை எழுதியிருக்கிறேன்.